மே மாதம் வீட்டைப் பூட்டினாலும் பிழைக்கிற கொடி எது?

என் தங்கை மகள் காட்பாடி காந்தி நகரில் வாடகைக்கு வீடு பிடித்தாள். இரண்டாவது மாடி. ஹாலில் கிழக்குப் பார்த்த ஜன்னல், படுக்கையறையில் மேற்குப் பார்த்த ஜன்னல், சமையலறையை ஒட்டி இரண்டு பேர் நிற்கிற அளவுக்கு ஒரு பால்கனி. பால் காய்ச்சின அன்றைக்கே கேட்டாள்: “பெரியம்மா, வீட்டுக்குள்ள ஒரே ஒரு கொடி வைக்கணும். எது வாங்கட்டும்?”

“மே மாசம் லீவுக்கு எத்தனை நாள் ஊருக்குப் போவீங்க?” என்று கேட்டேன்.

“பத்து நாளாவது போவோம்.”

வேலூரில் வீட்டுக்குள் கொடி வளர்க்க நினைப்பவர்கள் முதலில் யோசிக்க வேண்டியது இந்தப் பத்து நாளைத்தான். கடைகளில் கிடைக்கிற வீட்டுக் கொடிகள் பெரும்பாலும் மழைக்காட்டில் பிறந்தவை. பெரிய மரங்களின் நிழலில், ஈரக் காற்றில், அடிமரத்தைப் பற்றி ஏறிப் பழகியவை. சூடு அவற்றுக்குப் பழக்கம்தான். வறண்ட காற்றுதான் பழக்கமில்லை. நம் ஊரில் கத்திரி வெயில் காலத்தில் 40 டிகிரியைத் தாண்டுகிறது. காற்றில் ஈரம் கிடையாது. சுற்றி நிற்கிற பாறை மலைகள் பகலில் வாங்கிய சூட்டை ராத்திரியில் திருப்பிக் கொடுக்கின்றன. ஜன்னலைச் சாத்தி, ஃபேனை நிறுத்தி, பூட்டிவிட்டுப் போன வீட்டைத் திரும்பி வந்து திறக்கும்போது முகத்தில் ஓர் அனல் அடிக்குமே, செடி அத்தனை நாளும் அதற்குள்தான் நின்றிருக்கிறது.

நர்சரிக்கு நாம் போவது பெரும்பாலும் ஐப்பசி, கார்த்திகை மழைக்குப் பிறகு. அப்போது எல்லாக் கொடியும் தளதளவென்று இருக்கும். இலை அழகை நம்பி வாங்கிவிட்டு சித்திரையில் வருத்தப்படுவதைவிட, வாங்கும்போதே மே மாதத்தை மனதில் வைத்துக்கொள்வது நல்லது.

அவள் முன்னால் ஆறு பெயர்களை வைத்தேன்: மணிபிளாண்ட், இதய வடிவ இலை கொண்ட ஃபிலோடெண்ட்ரான், சிங்கோனியம், மான்ஸ்டெரா, ஹோயா, அப்புறம் நம் வெற்றிலை. ஆறும் என் கையில் வளர்ந்தவை. இரண்டு என் கையிலேயே செத்தும் போயின.

செத்ததில் ஒன்று சிங்கோனியம், அதனால் அதை முதலில் முடித்துவிடுகிறேன். அம்பு முனை போன்ற இலை, பச்சையில் வெள்ளை ஓடும், இளஞ்சிவப்பிலும் வரும். பார்த்தால் வாங்கத்தான் தோன்றும். ஆனால் இலை மெல்லியது, காகிதம் போல. காற்று வறண்டதும் ஓரம் காய ஆரம்பிக்கும். இலையின் அடியில் சிவப்புச் சிலந்திப் பேன் வந்து உட்காரும், நூலாம்படை மாதிரி ஒரு மெல்லிய வலை தெரிகிறபோது பாதிச் செடி போயிருக்கும். இலையின் இரு பக்கமும் வாரத்துக்கு ஒரு முறை ஈரத் துணியால் துடைத்தால் தப்பும். தினமும் வீட்டில் ஆள் இருக்கிறவர்கள் தாராளமாக வைக்கலாம். பூட்டிவிட்டுப் போகிறவர்களுக்கு வேண்டாம்.

மணிபிளாண்டையும் ஃபிலோடெண்ட்ரானையும் சேர்த்தே பேச வேண்டும், ஏனென்றால் நம் ஊர் நர்சரிகளில் இரண்டையும் ஒரே பெயரில் விற்கிறார்கள். இரண்டுக்கும் இதய வடிவ இலைதான். வித்தியாசம் தெரிய வேண்டுமென்றால் புது இலை வருகிற இடத்தைப் பாருங்கள். ஃபிலோடெண்ட்ரானில் புது இலை ஒரு மெல்லிய உறைக்குள் இருந்து வெளியே வரும், அந்த உறை அப்புறம் காய்ந்து விழும். மணிபிளாண்டில் அப்படித் தனி உறை கிடையாது, முந்தைய இலையின் காம்பை ஒட்டியே புது இலை சுருள் பிரியும். மணிபிளாண்டின் காம்பில் வாய்க்கால் மாதிரி ஒரு பள்ளம் ஓடும், விரலால் தடவினாலே தெரியும். இலை தடிப்பாகவும் கொஞ்சம் கோணலாகவும் இருக்கும். ஃபிலோடெண்ட்ரானின் இலை மெலிசு, இரண்டு பக்கமும் ஒரே அளவு, தொட்டால் பட்டு மாதிரி.

வெளிச்சம் குறைந்த அறையில் ஃபிலோடெண்ட்ரான் அழகாகவே இருக்கும். மணிபிளாண்ட் அங்கே உயிரோடு இருக்கும், ஆனால் இலையில் ஓடுகிற மஞ்சள் கீற்றுகள் மங்கி முழுப் பச்சையாகிவிடும். வெளிச்சத்தை மட்டும் வைத்துப் பார்த்தால் ஃபிலோடெண்ட்ரானுக்கே என் ஓட்டு. மே மாதத்தை வைத்துப் பார்த்தால் மணிபிளாண்ட் முன்னால் போய்விடுகிறது. தண்ணீர் போதாதபோது அது தன் இலைகளைத் தொங்கவிட்டு நமக்குச் சொல்லும். ஊற்றினால் சில மணி நேரத்தில் நிமிர்ந்துவிடும். ஃபிலோடெண்ட்ரானில் அந்த எச்சரிக்கை அவ்வளவு தெளிவாகத் தெரியாது, நாம் கவனிக்கும்போது இலை ஓரம் பழுப்பாகியிருக்கும், பழுப்பான ஓரம் திரும்பப் பச்சையாவதில்லை. புதிதாகச் செடி வளர்க்கிறவர்களுக்குப் பேசத் தெரிந்த செடி வேண்டும். அதனால்தான் நான் மணிபிளாண்ட் பக்கம் நிற்கிறேன்.

தெருவுக்கு நாலு வீட்டில் இருக்கிற செடிதானே என்று பலர் அதை மதிப்பதில்லை. அது பிறந்த ஊர் பசிபிக் கடலில் தஹிதிக்குப் பக்கத்தில் இருக்கிற மூரியா என்கிற சின்னத் தீவு. அங்கிருந்து கிளம்பி உலகம் முழுக்க ஜன்னல் ஏறியிருக்கிறது. அது பூத்துப் பார்த்தவர்கள் மிகக் குறைவு. பூப்பதற்குத் தேவையான ஜிப்ரெலின் என்கிற வளர்ச்சிப் பொருளைத் தன் உடம்பில் போதிய அளவு உண்டாக்க அதற்கு முடிவதில்லை என்று 2016இல் ஆய்வாளர்கள் கண்டுபிடித்தார்கள். விதை இல்லாமல், வெட்டின துண்டுகளாலேயே, கையில் இருந்து கைக்குப் போய் இத்தனை வீடுகளுக்கு வந்த செடி அது. பக்கத்து வீட்டில் கேட்காமல் ஒடித்து வந்து வைத்தால்தான் நன்றாக வரும் என்று நம் பெண்கள் சொல்வார்கள் இல்லையா, அந்தப் பழக்கம்கூட இதற்குப் பொருத்தம்தான். ஒரு கணுவும் ஒரு வேரும் இருந்தால் போதும்.

நம் வீடுகளில் அது ஏன் சின்ன இலையோடு சோனியாக இருக்கிறது என்றால், நாம் அதைத் தொங்கவிடுகிறோம். தொங்குகிற கொடியில் இலை சிறுத்துக்கொண்டே போகும். ஏறுகிற கொடியில் பெருத்துக்கொண்டே போகும். தோட்டத்தில் மரத்தில் ஏறின மணிபிளாண்டைப் பாருங்கள், இலை தாம்பாளம் அளவுக்கு இருக்கும். வீட்டுக்குள் அவ்வளவு வராது. ஆனால் தென்னை நார் சுற்றின கம்பு ஒன்றை நட்டு, கணுவில் இருக்கிற வேர் நாரில் படும்படி பழைய துணிக் கிழிசலால் தளர்வாகக் கட்டிவிட்டால், ஒரு வருஷத்தில் வித்தியாசம் கண்ணுக்குத் தெரியும். நார் ஈரமாக இருக்கும்வரைதான் வேர் அதைப் பிடிக்கும். வெயில் காலத்தில் காலையும் சாயங்காலமும் கம்பின் மேல் தண்ணீர் தெளிக்க வேண்டும். கம்பு வேண்டாம், சுவரிலேயே ஏற்றிவிடலாம் என்று நினைக்காதீர்கள். அந்த வேர் சுண்ணாம்பையும் பெயிண்டையும் சேர்த்துப் பிடிக்கும், பிரித்தால் தோல் உரிகிற மாதிரி உரிந்து வரும். வாடகை வீட்டில் அட்வான்ஸில் கழித்துவிடுவார்கள்.

பாட்டிலில் தண்ணீர் ஊற்றி மணிபிளாண்ட் வளர்ப்பது நம் ஊரில் இன்னும் பரவலாக இருக்கிறது. ஊருக்குப் போகிறவர்களுக்கு அது வசதி மாதிரி தோன்றும். எனக்கு அதில் ஒரு பயம் உண்டு. டெங்குவைப் பரப்புகிற ஏடிஸ் கொசுவுக்குத் தேங்கின நல்ல தண்ணீர்தான் பிடிக்கும். முட்டையில் இருந்து கொசுவாக ஒரு வாரம், பத்து நாள் போதும். ஆகவே வாரம் ஒரு முறை தண்ணீரைக் கொட்டி, பாட்டிலின் உள் சுவரைத் தேய்த்துக் கழுவி (முட்டை சுவரில்தான் ஒட்டிக்கொண்டிருக்கும்) புதுத் தண்ணீர் ஊற்ற வேண்டும். வாயைப் பஞ்சால் அடைக்க வேண்டும். பத்து நாள் வீட்டில் ஆள் இல்லை என்றால் பாட்டில் வேண்டவே வேண்டாம், தொட்டிதான் சரி.

மான்ஸ்டெரா இப்போது எல்லோருக்கும் ஆசை. இலையில் கிழிசலும் ஓட்டையுமாக, தெற்கு மெக்சிகோவில் இருந்து பனாமா வரையிலான காடுகளைச் சேர்ந்த கொடி. இலை தடிப்பு, தண்டு தடிப்பு, ஒரு வாரத் தாகத்தைத் தாங்கும். அந்த விதத்தில் வேலூருக்கு மோசமில்லை. சிக்கல் இடத்தில்தான். வளர்ந்த இலை ஒன்றே இரண்டு அடி அகலம் வரும், நாலைந்து இலை வந்தால் ஹாலில் ஒரு நாற்காலியின் இடம் போய்விடும். வெளிச்சம் போதாத மூலையில் வைத்தால் இலையில் ஓட்டையே வராது, காசு கொடுத்து வாங்கினதே அதற்காகத்தானே. வெளிச்சம் வேண்டுமே என்று நான் அதை மேற்கு ஜன்னலில் வைத்தேன். ஏப்ரல் முடிவதற்குள் மூன்று இலைகளில் காபி கொட்டின மாதிரி தீய்ந்த திட்டுகள் வந்தன. ஹாலில் நல்ல கிழக்கு வெளிச்சமும் ஒதுக்க இடமும் இருக்கிற சொந்த வீட்டுக்காரர்கள் வைக்கலாம். அவளுடைய ஹாலுக்குப் பெரிது.

ஜன்னல் பற்றி இங்கேயே ஒன்று சொல்ல வேண்டும். தெற்கு ஜன்னலில் வெயில் அதிகம் என்று பொதுவாகச் சொல்வார்கள். அது வடக்கே தொலைவில் இருக்கிற நாடுகளுக்குப் பொருந்துகிற பேச்சு. வேலூர் ஏறக்குறைய 13 டிகிரி வட அட்சரேகையில் இருக்கிறது. ஏப்ரல் கடைசி வாரத்தில் சூரியன் நடுப்பகலில் நம் உச்சிக்கு நேராக வந்துவிட்டு, அதற்குப் பிறகு ஆகஸ்ட் நடுப்பகுதி வரை வடக்குப் பக்கம்தான் நிற்கிறது. ஆகவே மே, ஜூனில் நம் தெற்கு ஜன்னலில் நேர் வெயில் விழாது, வெளிச்சம் மட்டும் வரும். அந்த மாதங்களில் கொடிகளுக்கு அதைவிட நல்ல இடம் வேறு இல்லை. மார்கழியில் அதே ஜன்னலில் வெயில் உள்ளே நீளமாக வந்து விழும், அப்போது அது இதமான வெயில். கிழக்கு ஜன்னல் வருஷம் முழுக்க நல்லது. மேற்கு ஜன்னலுக்கு எந்தக் கொடியானாலும் ஒரு மெல்லிய திரை கட்டாயம் வேண்டும். வெளிச்சம் போதுமா என்று பார்க்க, நடுப்பகலில் ஒரு வெள்ளைத் தாளுக்கு ஒரு அடி மேலே கையை நீட்டுங்கள். நிழலில் விரல்கள் தனித்தனியாகத் தெரிந்தால் நல்ல வெளிச்சம். கலங்கலாகக் கை வடிவம் மட்டும் தெரிந்தால் மணிபிளாண்டுக்கும் ஃபிலோடெண்ட்ரானுக்கும் போதும். நிழலே விழவில்லை என்றால் அங்கே செடி வேண்டாம்.

ஹோயா பலருக்குத் தெரியாத பெயர். மெழுகில் செய்த மாதிரி தடித்த இலை, அதில் தண்ணீரைச் சேமித்து வைத்துக்கொள்ளும். பத்து நாள் பூட்டின வீட்டை இந்த ஆறு கொடிகளில் அலட்டிக்கொள்ளாமல் தாண்டுவது இதுதான், என் அனுபவத்தில். மெதுவாக வளரும், ரொம்ப மெதுவாக. எங்கள் வீட்டில் மூன்று வருஷம் கழித்துத்தான் பூத்தது. குட்டி குட்டி நட்சத்திரங்கள் கொத்தாக, பீங்கான் பொம்மை மாதிரி, ராத்திரியில் வாசனை வரும். பூ உதிர்ந்த பிறகு மிஞ்சுகிற சின்னக் காம்பை வெட்டிவிடக் கூடாது, அடுத்த முறையும் அதே காம்பில்தான் பூக்கும். இதற்கு எதிரி அதிகத் தண்ணீர். மண் முழுக்கக் காய்ந்த பிறகுதான் ஊற்ற வேண்டும். மாவுப்பூச்சி வரும், ஒரு லிட்டர் தண்ணீரில் 5 மில்லி வேப்பெண்ணெயும் இரண்டு சொட்டு சோப்புத் தண்ணீரும் கலந்து சாயங்காலத்தில் தெளித்தால் அடங்கும். பொறுமை இருக்கிறவர்களுக்கு இதைத்தான் சொல்வேன். வாரா வாரம் புது இலை பார்க்க ஆசைப்படுகிறவர்களுக்கு இது ஏமாற்றம் தரும்.

இனி வெற்றிலை. ஆறில் எனக்கு மனசுக்கு நெருக்கமானது இதுதான், என் கையில் செத்த இரண்டாவது கொடியும் இதுதான்.

வெற்றிலைக்கு மற்றவற்றிடம் இல்லாத ஒரு பெரிய குணம் உண்டு. மணிபிளாண்ட், ஃபிலோடெண்ட்ரான், சிங்கோனியம், மான்ஸ்டெரா நான்கும் சேம்பின் குடும்பம். கருணையும் சேம்பும் நாக்கை அரிக்கச் செய்கிற அதே கால்சியம் ஆக்சலேட் ஊசிகள் அவற்றின் இலையிலும் தண்டிலும் இருக்கின்றன. தவழ்கிற குழந்தையோ பூனையோ கடித்தால் வாய் எரியும், வீங்கும். எட்டாத உயரத்தில் வைக்க வேண்டும். வெற்றிலை மிளகின் குடும்பம். குழந்தை ஒரு இலையைப் பிய்த்துக் கடித்துவிட்டால் காரத்துக்கு முகம் சுளிக்கும், அவ்வளவுதான். வெள்ளிக்கிழமை தாம்பூலத்துக்கு நேதாஜி மார்க்கெட் போக வேண்டியதில்லை, சளி பிடித்தால் ரசத்துக்கு இரண்டு இலை கைக்கெட்டும் தூரத்தில் இருக்கும்.

ஆனால் வெற்றிலை கேட்பது நிழல், ஈரம், ஓயாத கவனிப்பு. கொடிக்கால் வைக்கிறவர்கள் அகத்தியை நட்டு அதன் நிழலில்தான் இதை ஏற்றுகிறார்கள், வாய்க்காலில் தண்ணீர் காயவிடுவதில்லை. நம் இலவம்பாடி முள்ளுக் கத்திரிக்கும் வைகைக் கரைச் சோழவந்தான் வெற்றிலைக்கும் 2023ஆம் ஆண்டில்தான் புவிசார் குறியீடு கிடைத்தது. அந்தக் கத்திரி நம் மண்ணின் பிள்ளை. வெற்றிலை ஆற்றங்கரையின் பிள்ளை, பாலாறு மணலாகக் கிடக்கிற ஊருக்கு விருந்தாளியாகத்தான் வர முடியும். விருந்தாளியை விட்டுவிட்டு நான் ஒரு மே மாதத்தில் ஒன்பது நாள் திருப்பத்தூர் போனேன். வந்து பார்த்தபோது தண்டு நூலாகியிருந்தது. வேரில் தண்ணீர் ஊற்றி ஒரு மாதம் காத்திருந்தேன், துளிர்க்கவில்லை. இப்போது இருப்பது பக்கத்து வீட்டு அக்கா கொடுத்த மூன்று கணுத் துண்டில் இருந்து வந்தது. நான் ஊருக்குப் போனால் தொட்டியும் அவர் வீட்டுக்குப் போய்விடும்.

தண்ணீர் விஷயத்தில் வேலூர்க்காரர்கள் மற்ற ஊரைவிடக் கூடுதலாக யோசிக்க வேண்டும். பல தெருக்களில் போர் தண்ணீர் உப்பு. ராணிப்பேட்டை, ஆம்பூர், வாணியம்பாடிப் பக்கம் தோல் பதனிடும் தொழிலால் நிலத்தடி நீர் கெட்டுப்போன இடங்களில் இன்னும் மோசம். தொட்டியின் ஓரத்தில் வெள்ளையாகப் பூத்தால், இலை நுனி மட்டும் காய்ந்தால், உப்புதான் காரணம். காவிரிக் கூட்டுக் குடிநீர் வருகிற நாளில் ஒரு வாளி பிடித்து வைத்து அதை ஊற்றலாம். மழைத் தண்ணீர் எல்லாவற்றிலும் உயர்ந்தது. ஏசியில் இருந்து சொட்டுகிற தண்ணீரில் உப்பு இல்லை, அழகுக் கொடிகளுக்கு நல்லது, சாப்பிடுகிற வெற்றிலைக்கு ஊற்ற வேண்டாம். ஆர்ஓ மெஷின் வெளியே தள்ளுகிற தண்ணீரைச் சிக்கனம் என்று செடிக்கு ஊற்றுகிறார்கள். வடிகட்டின உப்பு எல்லாம் அதில்தான் இருக்கிறது, தயவுசெய்து வேண்டாம். போர் தண்ணீரைத் தவிர வேறு வழி இல்லாதவர்கள் மாதம் ஒரு முறை நல்ல தண்ணீரைத் தொட்டி நிறைய மூன்று தரம் ஊற்றி அடியில் வடியவிட்டால் சேர்ந்த உப்பு கழுவிப் போகும்.

மண் பற்றிச் சுருக்கமாக: செம்மண் ஒரு பங்கு, மட்கின எரு ஒரு பங்கு, கழுவின தென்னை நார்க்கழிவு இரண்டு பங்கு. நார்க்கழிவிலும் உப்பு உண்டு, அதனால்தான் கழுவச் சொல்கிறேன். தொட்டி வெயில் காலத்துக்கு பிளாஸ்டிக்கே தேவலை, மண் தொட்டி சீக்கிரம் காய்ந்துவிடும். ஹோயாவுக்கு மட்டும் மண் தொட்டி.

காற்றைச் சுத்தம் செய்யும் என்பதற்காக எது நல்லது என்றும் அவள் கேட்டாள். அந்தப் பேச்சு 1989இல் நாசா வெளியிட்ட ஓர் ஆய்வில் இருந்து வந்தது. அது காற்று புகாமல் அடைத்த பெட்டிக்குள் நடந்த சோதனை. ஜன்னல் திறக்கிற வீட்டில் அந்தப் பலன் கிடைக்க, தரையின் ஒவ்வொரு சதுர மீட்டருக்கும் குறைந்தது பத்துச் செடி, ஆயிரம் வரைகூட, வேண்டியிருக்கும் என்று 2019இல் வந்த ஒரு மறு ஆய்வு கணக்குப் போட்டது. ஆகவே அந்தக் காரணத்தை வைத்து ஒன்றைவிட்டு ஒன்றை வாங்க வேண்டாம் என்று சொன்னேன்.

கடைசியில் அவள் வீட்டுக்கு என் முடிவு: ஹாலின் கிழக்கு ஜன்னல் ஓரத்தில் மஞ்சள் கீற்று ஓடின மணிபிளாண்ட், நார்க் கம்போடு, எட்டு அங்குல பிளாஸ்டிக் தொட்டியில். படுக்கையறை மேற்கு ஜன்னலில் பின்னால் ஏதாவது வைக்க ஆசைப்பட்டால் திரைக்குப் பின்னால் ஹோயா. வெற்றிலையைப் பால்கனியில் வைக்கத்தான் அவளுக்கும் ஆசை. “முதல்ல ஒரு மே மாசம் போகட்டும்டா” என்றேன்.

ஊருக்குப் போகிறபோது செய்ய வேண்டியதையும் சொல்லிக்கொடுத்தேன். தொட்டியை ஜன்னலில் இருந்து எடுத்து, சின்ன ஜன்னல் இருக்கிற குளியலறையில் வை. வீட்டிலேயே குளிர்ச்சியும் ஈரமும் நிற்கிற இடம் அதுதான். பக்கத்தில் முக்காலி போட்டு ஒரு வாளித் தண்ணீரை வைத்து, தடித்த பருத்தித் துணியைத் திரியாக முறுக்கி, ஒரு முனை வாளியின் அடியிலும் மறு முனை தொட்டி மண்ணுக்குள் மூன்று விரல் ஆழத்திலும் இருக்கும்படி விடு. வாளியின் மேல் துணி போட்டு இறுக்கிக் கட்டு, கொசுவுக்காக. கிளம்புவதற்கு இரண்டு நாள் முன்னாலேயே வைத்துப் பார், மண் சேறாகிவிட்டால் திரியை மெலிதாக்கு.

போன மே மாதம் பதினோரு நாள் போய்விட்டு வந்தார்கள். வந்ததும் பெட்டியைக்கூட இறக்காமல் குளியலறைக் கதவைத் திறந்து போட்டோ எடுத்து அனுப்பினாள். அடியில் இரண்டு இலை மஞ்சளாகியிருந்தது. மேலே கம்பின் நுனியில் ஒரு புது இலை, சுருள் பிரியாமல், வெளிறின பச்சையில் நின்றது. ஆடியில் ஒரு மழை பெய்யட்டும், வெற்றிலைத் துண்டு வெட்டித் தருகிறேன் என்று சொல்லியிருக்கிறேன். பால்கனியில் தொட்டி இப்போதே தயாராக இருக்கிறதாம்.